கோட்டுக்கு வெளியே ஒரு லாண்டரி

முதலீட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு வந்து கதைக்கும்படி கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு வரியை விடலாம், எந்தக் கட்டடத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதெல்லாம் இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் காலத்துச் சட்டங்களில் பாதி இன்று இல்லை. ஆனால் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்து, இந்தப் பக்கத்துக்குச் சலுகை, அந்தப் பக்கத்துக்கு இல்லை என்று யாரோ ஒருவர் கோடு போடும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. நாளைக்கு நீங்களும் போடுவீர்கள். எனவே அந்தக் கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உற்சாகம் தரும் கதை இல்லை. அதற்கு வேறு ஆட்களைக் கூப்பிடுவார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கு லண்டனில் துறைமுகங்கள் மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கப்பல் வராத தண்ணீரைச் சுற்றிப் பூட்டிய பண்டகசாலைகள். அவற்றின் பின்னால், வேலை போனவர்கள் குடியிருந்த தெருக்கள். அந்தப் பகுதியின் ஒரு துண்டை அரசாங்கம் தொழில் ஊக்குவிப்பு வலயமாக அறிவித்தது. வலயத்துக்குள் வரும் தொழிலுக்குப் பத்து வருடம் ரேட்ஸ் கிடையாது. கட்டடத்துக்குக் கட்டும் வரியைத்தான் ரேட்ஸ் என்பார்கள். உள்ளே கட்டடம் எழுப்புகிறவர் செலவழித்த முழுவதையும் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். கூடவே புதிய தெரு, உயரத் தூண்களின் மேல் ஓடும் சிறு ரயில். வரியைக் குறைத்துத் தெருவைப் போட்டால் தொழில் தானாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அது பொய்யில்லை. தொழில் வந்தது.

என் வேலை சிறிய தொழில்களை வலயத்துக்குள் கொண்டுவருவது. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, ஊர் நிலைமையால் திரும்ப முடியாமல் போய், வடக்கு லண்டனில் எட்மண்டன் பக்கம் ஒரு அறையில் இருந்தபடி எடுத்த முதல் நிரந்தர வேலை அது. எங்கள் பிரிவில் தமிழன் நான் ஒருவன்தான். தமிழ் முதலாளி எங்காவது இருந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். அப்படித்தான் சவரிமுத்து அண்ணையிடம் போனேன்.

அவர் மன்னார்க்காரர். இளவயதில் கப்பலில் வேலை செய்து லண்டனில் இறங்கியவர். கப்பல்களின் படுக்கைவிரிப்புகளைத் தோய்க்கும் லாண்டரி ஒன்றில் கூலிக்குச் சேர்ந்து, துறைமுகம் மூடி முதலாளி கைவிட்டபோது அதைத் தானே எடுத்தார். கப்பல் போனதும் ஹோட்டல்களையும் ஒரு ஆஸ்பத்திரியையும் பிடித்தார். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பிளேஸ்டோவிலிருந்து நடந்து வரும் பெண்கள். பாதிப்பேர் எங்கள் சனம், சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். ஆங்கிலம் தெரியாமல் செய்யக்கூடிய வேலை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அவர்களை மேய்த்தவர் தவமணி அக்கா. பருத்தித்துறையில் கணக்கு ரீச்சராக இருந்தவர். பொயிலர் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும் குரல் அவருக்கு.

வலயத்தின் கோடு அந்தத் தெருவின் நடுவால் போனது. லாண்டரி வெளிப்பக்கம். எதிர்ப்பக்கத்தில், சரியாக அதன் வாசலைப் பார்த்தபடி, ஒரு கட்டடக் கம்பனி பெரிய புதிய கொட்டகை ஒன்றைக் கட்டி முடித்திருந்தது. அண்ணை தெருவைக் கடந்து அங்கே போய்விட்டால் ரேட்ஸ் இல்லை. முதல் வருடம் வாடகையும் இல்லை என்று கம்பனி சொன்னது. பிறகு வரும் வாடகை மட்டும் கோட்டுக்கு வெளியே உள்ளதைவிட நன்றாகக் கூட. அரசு விட்ட வரியில் பெரும்பங்கு கட்டடக்காரரின் வாடகைக்குள் போய்ச் சேர்ந்தது. இதை யாரும் மறைக்கவில்லை. கேட்டால் சந்தை அப்படித்தான் என்பார்கள்.

இரண்டு கிழமையில் ஒரு அமைச்சர் வந்து அந்தக் கொட்டகையைத் திறப்பதாக ஏற்பாடு. உள்ளூர்த் தொழில், உள்ளூர்ப் பெண்கள், கப்பலில் வந்து முதலாளியான ஒரு மனிதர். படம் எடுக்க இதைவிட என்ன வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவி மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் அந்தத் தெருக்களிலேயே பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. தகப்பன் கப்பலில் சாமான் இறக்கியவர். அந்தப் பகுதிக்கு வேலை திரும்பி வரவேண்டும் என்பது அவருக்கு உத்தியோகம் மட்டும் இல்லை.

ஒருநாள் காலை, அளவுகள் பார்க்கக் கம்பனியின் முகவரோடு கொட்டகைக்குப் போனேன். சிரித்த முகமான இளைஞன். பொயிலர் எங்கே நிற்கும், தண்ணீர் எப்படி வெளியேறும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நிலத்தை அவ்வளவு ஆழமாக உடைக்க வேண்டாம். எல்லாம் சில வருடத்துக்குத்தானே" என்றான்.

"ஏன் சில வருடம்?"

அவன் வாசலால் வெளியே கையைக் காட்டினான். ரயிலுக்கான தூண்கள் வரிசையாக நின்றன. "அது ஓடத் தொடங்கி, நிலையமும் வந்துவிட்டால் இந்த நிலத்தில் கொட்டகையை யார் வைத்திருப்பான்? அலுவலகக் கோபுரம்தான். ஆறு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது."

"அந்த நிபந்தனையை எடுத்துவிட முடியாதா?"

"எடுத்தால் எங்களுக்கு இதில் என்ன மிச்சம்?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. நான் கேட்டதற்கு உண்மையைச் சொன்னான்.

அலுவலகத்துக்குத் திரும்பித் தலைவியிடம் சொன்னேன். அவர் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் வைத்திருந்தார்.

"அவருக்கு லோயர் இருக்கிறாரா?"

"வீடு வாங்கும்போது பார்த்த லோயர் இருக்கிறார்."

"அவர் வாசித்துச் சொல்லமாட்டாரா?"

"வாசிப்பார். வழக்கமான நிபந்தனை என்றுதான் சொல்வார். அவர் தூண்களைப் பார்க்கவில்லையே."

"நீ சொன்னால் அந்த மனிதர் கையெழுத்து வைக்கமாட்டார்."

"தெரியும்."

"அமைச்சர் வெறும் கொட்டகையைத் திறப்பார்."

நம்முடைய வேலை ஆட்களை உள்ளே கொண்டுவருவது. அவர்களுக்காக ஒப்பந்தம் வாசிப்பது நம் வேலை இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சட்டப்படி அது சரி. சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"மேலே நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். "நீ இன்றைக்கே போ. நாளைக்கு என்றால் என் மனம் மாறிவிடும்."

அண்ணை பொயிலர் அறையில் நின்றார். நான் முகவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு ஒரு துணி மூட்டையின் மேல் இருந்தார்.

"எங்களை எப்ப எழுப்புவாங்கள்?"

"சொல்ல ஏலாது அண்ணை. ரயில் ஓடினாப் பிறகு எப்பவும் நடக்கலாம்."

"பொயிலரை ஒருக்காப் பிடுங்கி வைக்கலாம் தம்பி. ரெண்டாந்தரம் ஏலாது. இந்தத் தரத்துக்கே வீட்டைப் பாங்கிலை ஈடு வைக்கப் பாத்தனான்."

"இஞ்சையே இருந்தா?"

"இஞ்சை இருந்தா ரேட்ஸ் கட்டவேணும். நான் போகாட்டி முன்னாலை வேறை ஆரும் வருவான். அவன் கட்டத் தேவையில்லை." பிறகு கேட்டார். "நீர் எண்டா என்ன செய்வீர்?"

உங்கள் பணிக்காலத்தில் இந்தக் கேள்வி உங்களிடம் வரும். நீங்கள் எதிர்பாராத ஒரு இடத்தில், உங்களை நம்பும் ஒரு ஆளிடமிருந்து வரும். எனக்கு அன்று இருபத்தெட்டு வயது. வீடு இல்லை, பொயிலர் இல்லை, என்னை நம்பி ஒரு சனமும் இல்லை.

"நான் எண்டா கையெழுத்து வைக்கமாட்டன் அண்ணை."

அவர் தலையை ஆட்டினார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கொட்டகை வெறுமையாகக் கிடக்கவில்லை. அமைச்சர் வருவதற்கு முன்பே கம்பனி வேறு ஒரு லாண்டரியைப் பிடித்துவிட்டது. அது எட்மண்டனில் இருந்தது. என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி, நான் தினமும் பஸ்ஸுக்கு நடக்கும் வழியில். அங்கே கதவைப் பூட்டிவிட்டு இங்கே வந்தார்கள். அமைச்சர் நாடாவை வெட்டினார், படம் எடுத்தார்கள். வலயத்தில் உருவான புதிய வேலைகள் என்ற பட்டியலில் அந்த வேலைகளும் ஏறின. எட்மண்டனில் இல்லாமல் போன வேலைகளை எழுத எங்களிடம் பட்டியல் இருக்கவில்லை. அது வேறு கவுன்சிலின் எல்லை.

எங்கள் தலைவியை அந்த வருடமே ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. பிரிவை விட்டுப் போகும்போது மேசையில் இருந்த தொட்டிச் செடியை என்னிடம் தந்து, வெயில் படும் இடத்தில் வை என்றார்.

அண்ணை தாக்குப்பிடித்தார். எதிர்க்கடைக்காரன் விலையை இறக்கினான். அண்ணையும் இறக்கினார். தன் சம்பளத்தை நிறுத்திவிட்டு, துணி ஏற்றும் வானை ஓட்டியவரையும் நிறுத்தித் தானே ஓட்டினார். நல்ல வேலைக்காரர் என்று இரண்டு ஹோட்டல்கள் அவரோடு நின்றன. ஆஸ்பத்திரியும் நின்றது. இப்படியே சமாளித்துவிடுவார் என்று நான் நினைத்த நேரத்தில்தான் புதிய தெரு வந்தது.

அந்தத் தெரு வலயத்துக்கு அவசியம். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதைப் போடத் தோண்டியது லாண்டரி நின்ற பக்கத்தை மட்டும். அறிவித்த நாளுக்கு ஒரு கிழமை முன்பே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மழைக் காலையில் தவமணி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, வாசலிலை கிடங்கு வெட்டிப்போட்டாங்கள். வான் வெளிக்கிட ஏலாது. ஒப்பரேஷன் தியேட்டர்த் துணி மத்தியானத்துக்கு முதல் போகவேணும். அண்ணை அவங்களோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நீங்கள் வாங்கோ."

நான் போனபோது அண்ணை வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றார். வேலைத்தளப் பொறியியலாளர், இரும்புத் தகடுகளைப் போட்டால் வான் போகலாம், ஆனால் எழுத்தில் அனுமதி இல்லாமல் போடமாட்டேன் என்றார். வான் சறுக்கி விழுந்தால் தன் தலைதான் போகும் என்றார். அனுமதி கொடுக்க வேண்டியவர் வேறு ஒரு அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தார். வர மாலையாகும்.

அந்த நேரம் பின்னால் தவமணி அக்காவின் குரல் கேட்டது. பெண்கள் துணி மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து, பொலித்தீனால் மூடி, கிடங்கின் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையால் வரிசையாக நடந்து வந்தார்கள். பலகை வளைந்தது. கீழே சேற்றுத் தண்ணீர்.

"அக்கா, நில்லுங்கோ. ஆரும் விழுந்தா?"

"துணி போகாட்டி ஆஸ்பத்திரி போயிடும் தம்பி. பேந்து ஆர் விழாமல் நிண்டு என்ன?"

நான் பொறியியலாளரின் கையிலிருந்த தாளை வாங்கி, என் பெயரையும் பதவியையும் எழுதி, என் பொறுப்பில் தகடு போடலாம் என்று கையெழுத்திட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. அவருக்கும் அது தெரியும். ஆனால் ஒரு கையெழுத்துக் கிடைத்தது அவருக்குப் போதும். அரைமணி நேரத்தில் தகடுகள் விழுந்தன. வான் புறப்பட்டது. துணி நேரத்துக்குப் போனது. அடுத்த நாள் எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. முப்பது வருட வேலையில் நான் சந்தோஷத்தோடு வாங்கிய ஒரே கடிதம் அதுதான்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. அப்படி நிறுத்திச் சொல்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

தெருவேலை மாதக்கணக்கில் இழுத்தது. ஒருநாள் தகடு இருக்கும், ஒருநாள் இராது. தூசி துணியில் படிந்தது. முதலில் ஒரு ஹோட்டல் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போனது. பிறகு மற்றது. கடைசியாக ஆஸ்பத்திரி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதிரில் சுத்தமான வாசல் இருந்தது, விலையும் குறைவு. தெருவேலையால் நட்டப்பட்டவர்களுக்கு ஏதாவது கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டா என்று அலைந்து பார்த்தேன். நிலத்தை எடுத்திருந்தால் கொடுக்கலாம். வாசலை மறித்ததற்கு இல்லை என்றார்கள்.

மூடிய நாளில் நானும் போயிருந்தேன். பொயிலர் ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் மனிதக் குரல் சாதாரணமாகக் கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். அண்ணை ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்தார். வேதக்காரப் பெண்கள் அவருக்காகச் செபித்தார்கள், மற்றவர்கள் கும்பிட்டார்கள். தவமணி அக்கா என்னை வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

"தம்பி, உங்களிலை ஒருத்தருக்கும் கோவமில்லை."

"ஓம் அக்கா."

"ஆனா அண்டைக்கு நீங்கள் வராமல் இருந்திருக்கலாம்."

எந்த நாளைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. தகடு போட்ட நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமையே அவரும் இன்னும் சிலரும் எதிர்ப்பக்க லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதே துணிகளைத்தான் அங்கேயும் தோய்த்தார்கள். மற்றவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அரசின் உதவிப்பணமான பெனிபிட் எடுக்கப் போனார்கள்.

பிறகு நடந்தது அந்த முகவர் சொன்னபடிதான். ரயில் ஓடியது. நிலத்தின் விலை ஏறியது. எதிர்ப்பக்க லாண்டரிக்கு ஆறு மாத அறிவித்தல் போனது. போக இடமில்லாமல் அதுவும் மூடியது. கொட்டகையை இடித்துக் கண்ணாடிக் கோபுரம் கட்டினார்கள். அது முடிந்த நேரம் தொண்ணூறுகளின் மந்தம் வந்துவிட்டது. வாடகைக்கு எடுக்க ஆளில்லாமல் கோபுரம் வெறுமையாக நின்றது. ரயிலில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மாடி மாடியாகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலிகூட இருக்காது. கட்டியவர் வரியில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டார். அவருக்குப் பெரிய நட்டம் இல்லை என்று கேள்விப்பட்டேன். சில வருடம் போய் ஆட்கள் வந்தார்கள், நல்ல சம்பளக்காரர்கள். இன்று அந்த இடத்தைப் பார்க்கிறவர்கள் திட்டம் வென்றது என்பார்கள். அவர்களோடு வாதாட என்னிடம் எண்கள் இல்லை.

அந்தக் கோபுரத்தில் ஆட்கள் வந்த காலத்தில்தான் அண்ணையைத் திரும்பப் பார்த்தேன். வால்தம்ஸ்டோவில் மகளின் வீட்டில் இருந்தார். அவருடைய பிளேஸ்டோ வீடு விற்றாகிவிட்டது. லாண்டரியைக் கடைசிவரை இழுத்த கடனுக்கு அந்தப் பணம் பாங்குக்குப் போனது. அவரைப் பார்க்கப் போகாமல் நான் பல வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். எதிர்ப்பக்க லாண்டரியையும் வெளியேற்றிய செய்தியை அவருக்குச் சொல்லவேண்டும் என்று ஒரு எண்ணம். நான் சொன்னது சரியாகத்தான் போனது என்று அவருக்குத் தெரியவேண்டும் என நினைத்தேனோ என்னவோ.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"தவமணி வந்து சொன்னவ" என்றார். "நீர் சொன்னபடிதான் நடந்தது."

"ஓம் அண்ணை. கையெழுத்து வைச்சிருந்தா உங்களையும் எழுப்பியிருப்பாங்கள். வீடும் போயிருக்கும்."

"வீடு எப்பிடியும் போனதுதானே."

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கோபமில்லாத குரலில், கணக்குப் பார்க்கிறவர் போல் சொன்னார்.

"அவன் மூண்டு நாலு வருசம் ஓட்டினான் தம்பி. நான் அங்காலை போயிருந்தா என்ரை சனம் முழுக்க அந்த மூண்டு நாலு வருசமும் சம்பளம் எடுத்திருக்கும். அந்தப் பிள்ளையளுக்கு அப்ப அது பெரிய காலம். விசா வாறவரைக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் போறவரைக்கும். நான் என்ரை பொயிலரையும் வீட்டையும்தான் யோசிச்சனான். நீர் ஒப்பந்தத்தை யோசிச்சனீர். அவையளை ஆரும் யோசிக்கேல்லை."

நான் சொன்னது தவறு என்று அவர் சொல்லவில்லை. மறைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டிருந்தால் அது துரோகம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் ஆபத்தை எடுத்துச் சொன்னவன், அந்த ஆபத்தோடு கூட வரும் மூன்று நாலு வருடத்தையும் பக்கத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அதன் பிறகு என்னிடம் யாராவது நீர் எண்டா என்ன செய்வீர் என்று கேட்டால், உம்மை நம்பி எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு காலம் தேவை என்று முதலில் நான் கேட்பேன். பதில் அவர்களுடையது. அதனால் முடிவுகள் நல்லதாக அமைந்தன என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். சிலது அமைந்தது, பலது அமையவில்லை.

நான் எழும்பும்போது அண்ணை கேட்டார்.

"அந்த ரயில் இப்ப ஞாயிறிலையும் ஓடுதோ? முந்தி சனி ஞாயிறு இல்லை."

"இப்ப ஓடுது அண்ணை."

"நல்லது. அங்கத்தைப் பழைய மாதா கோயிலுக்குப் போக வசதி." யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தனக்கே சொல்லுவது போல் சொன்னார். "நல்ல ரயில்தான். அதை வேண்டாமெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை."